காத்திருந்து செய்த ஒயின்கள்

சூப்பர் மார்க்கெட் அலமாரி முன்னால் நின்றுகொண்டு நண்பர்கள் எனக்குப் போன் செய்வது வழக்கமாகிவிட்டது. "எதை எடுக்கட்டும், சீக்கிரம் சொல்லு" என்பார்கள். பெரும்பாலும் நான் சொல்வது, "அங்கே எடுக்காதே, ஒயின் மட்டும் விற்கிற சின்னக் கடை ஒன்று பக்கத்தில் இருக்கும், அங்கே போ" என்பதுதான். ஏன் போகச் சொல்கிறேன், போனால் எதைக் கேட்டு வாங்கலாம் என்பதை ஒரு தடவை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பெரிய கம்பெனிகளின் ஒயின் மோசம் என்று சொல்ல வரவில்லை. சுத்தமாக இருக்கும், கெட்டுப்போயிருக்காது, போன வருஷம் குடித்த அதே ருசி இந்த வருஷமும் இருக்கும். என் குறையே அதில்தான். ஒரு வருஷம் மழை கொட்டும், ஒரு வருஷம் வெயில் திராட்சையை வதக்கிவிடும். அந்த வித்தியாசம் தெரியாமல் மறைக்க வழிகள் நிறைய உண்டு. புளிப்பு போதவில்லையென்றால் அமிலம் சேர்க்கலாம். நிறம் போதவில்லையென்றால் கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாறு ஊற்றலாம். ஓக் பீப்பாய் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் ஓக் சீவல்களை ஊறவைக்கலாம். வேண்டிய மணத்தைக் கொடுக்கும் ஈஸ்ட் பாக்கெட்டில் கிடைக்கிறது. பல நாடுகளில் சட்டமும் இதையெல்லாம் அனுமதிக்கிறது. இத்தனையும் செய்து முடித்த பிறகு அந்த வருஷத்தின் மழையும் அந்த ஊர் மண்ணும் பாட்டிலுக்குள் எவ்வளவு மிஞ்சும்?

நான் சிபாரிசு செய்யும் ஒயின்களைச் செய்பவர்கள் இந்தத் திருத்த வேலைகளுக்குப் போகாதவர்கள். சந்தையின் ருசி மாறியபோது, பத்திரிகைக்காரர்கள் வேறு மாதிரி ஒயினுக்கு மார்க் போட்டபோது, இவர்கள் தாத்தா செய்த மாதிரியே செய்துகொண்டிருந்தார்கள். அதற்காக நஷ்டப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பிடிவாதத்தைக் குடிக்கும்போதே உணர முடியும் என்பது என் நம்பிக்கை.

ஸ்பெயினிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரியோஹா பகுதியில் எப்ரோ ஆற்றங்கரையில் ஆரோ என்று ஒரு சிற்றூர். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே லோபெஸ் தெ எரேதியா குடும்பத்தின் ஒயின் கூடம் 1877 முதல் இருக்கிறது. பிரான்சில் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சு வியாபாரிகள் ஒயின் தேடி ஆரோவுக்கு வந்தார்கள். அவர்கள் ஒயின் செய்யும் முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களில் ரஃபாயேல் லோபெஸ் தெ எரேதியாவும் ஒருவர். வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர் குடும்பம் மட்டும் அந்த முறையை விடவே இல்லை.

பீப்பாய்கூட வெளியில் வாங்குவதில்லை. அமெரிக்க ஓக் மரத்தை வரவழைத்து, தங்கள் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். நிலவறையில் ஒட்டடை திரை போலத் தொங்கும். அதை யாரும் கலைப்பதில்லை, ஏனென்றால் கார்க்கை அரிக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்திகள் பிடித்துவிடுகின்றன. ஒட்டடை தொங்கும் அந்தக் கூடத்தின் வாசலிலேயே கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் வடிவமைத்த நவீன மண்டபமும் நிற்கிறது என்பது தனி விஷயம்.

இவர்களுடைய பெரிய தோட்டத்தின் பெயர் தொந்தோனியா. ஏறக்குறைய நூறு ஹெக்டேர் இருப்பதால் இதைச் சின்ன இடம் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை செய்யும் விதம் குடிசைத் தொழில் மாதிரிதான். வின்யா தொந்தோனியா ரிசர்வா என்று லேபிளில் இருந்தால், அந்த ஒயின் ஆறு வருஷம் பீப்பாயில் இருந்துவிட்டு, பிறகு பாட்டிலிலும் கிடந்துவிட்டு, அறுவடையாகிப் பத்து வருஷம் ஆன சமயத்தில்தான் கடைக்கு வரும். மற்றவர்கள் பழைய ஒயின் வேண்டுமென்றால் நம்மையே வாங்கி வீட்டில் வைத்துக் காத்திருக்கச் சொல்கிறார்கள். இவர்கள் நமக்காகத் தாங்களே காத்திருக்கிறார்கள். அத்தனை வருஷம் காசு முடங்கிக் கிடக்குமே என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் தலையில் கைவைத்துக்கொள்வார்.

சிவப்பு நன்றாக இருக்கும். ஆனால் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது வெள்ளையைத்தான். வெள்ளை ஒயின் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, அந்த வருஷமே குடித்து முடிப்பது என்ற எண்ணத்தை இது மாற்றிவிடும். நிறம் பொன் மாதிரி இருக்கும். வாசத்தில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், தேன் மெழுகு, வறுத்த பாதாம். இத்தனை வாசத்தையும் வைத்துக்கொண்டு இனிப்பாக இருக்கும் என்று நினைத்து வாயில் வைத்தால் துளி இனிப்பு இருக்காது. நல்ல புளிப்பும் ஓரத்தில் ஒரு உப்புத்தன்மையும்தான் தெரியும். தொந்தோனியா வெள்ளை இப்போது கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறிவிட்டது. அதே வீட்டின் கிராவோனியா என்ற வெள்ளையைக் கேளுங்கள். வியூரா என்ற ஒரே திராட்சையில் செய்தது, குணம் கிட்டத்தட்ட அதேதான். சிவப்பில் குபியோ என்பது இவர்களின் மலிவான பாட்டில். மலிவானதையே மூன்று வருஷம் பீப்பாயில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பிரான்சின் ஜூரா. பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மலைப்பகுதி. லூயி பாஸ்டர் வளர்ந்த ஆர்புவா ஊர் இங்கேதான் இருக்கிறது. இந்த ஊரின் சொத்து வான் ஜோன் என்ற மஞ்சள் ஒயின்.

சாவன்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்கிறார்கள். பீப்பாயில் ஊற்றிய ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மற்ற ஊர்களில் குறைந்ததை உடனே நிரப்பிவிடுவார்கள், காற்றுப் பட்டால் ஒயின் வினிகராகிவிடும் என்ற பயம். ஜூராவில் நிரப்புவதில்லை. ஒயினுக்கு மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடை மாதிரிப் படர்கிறது. அந்த ஆடை ஒயினைக் காற்றிலிருந்து காக்கிறது, அதன் குணத்தையும் மாற்றுகிறது. அறுவடைக்கு அடுத்த ஆறாவது வருஷத்து டிசம்பர் 15 வரை பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்பார்கள். இதன் குள்ளமான பாட்டிலும் அதே அளவுதான். க்லாவ்லான் என்று அதற்குத் தனிப் பெயர்.

இதை முதல்முறை ஊற்றிக் கொடுத்தபோது என் திருச்சி நண்பன் மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "டேய், சாம்பார் பொடி வறுக்கிற வாசம்டா இது" என்றான். அவன் மூக்கு சரியாகத்தான் சொன்னது. வெந்தயத்தின் வாசத்துக்குக் காரணமான சோட்டோலோன் என்ற வேதிப்பொருள்தான் வான் ஜோனிலும் தூக்கலாக இருக்கிறது. ஐரோப்பியர்கள் இதை முகர்ந்து வால்நட் என்பார்கள், கறி மசாலா என்பார்கள். வெந்தயம் பொன்னிறமாக வெடிக்கும் அந்த நொடியின் வாசத்தோடு வளர்ந்த நமக்கு அறிமுகமே தேவையில்லை. முதலில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். வாயில் வைத்ததும் பச்சை ஆப்பிள், பிறகு வால்நட், விழுங்கிய பிறகும் வெகுநேரம் தொண்டையில் நிற்கும் ஒரு காரசாரம். அந்த ஊர்க்காரர்கள் கோம்தே சீஸோடு சாப்பிடுகிறார்கள். கோழிக்கறியில் ஊற்றிச் சமைக்கவும் செய்கிறார்கள்.

ஷத்தோ ஷலோன் என்ற குன்றின் உச்சியில் இருக்கும் கிராமத்தின் வான் ஜோனுக்கு மதிப்பு அதிகம். திராட்சை தேறவில்லை என்று ஊரே முடிவு செய்து 1974, 1980, 1984, 2001 ஆகிய வருஷங்களில் அந்தப் பெயரில் ஒயினே செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இங்கே மாக்ல் குடும்பத்தின் பாட்டில் எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுங்கள். அவசரமாகக் குடிக்கவும் வேண்டியதில்லை. 1774இல் செய்த ஒரு ஜூரா வான் ஜோன் பாட்டில் 2018இல் ஏலத்துக்கு வந்து 1,03,700 யூரோவுக்குப் போனது. முழு வான் ஜோன் விலை அதிகமாகத் தெரிந்தால், அதே ஆடையின் கீழ் சில வருஷம் மட்டும் வைத்தெடுத்த சாதா சாவன்யானைக் கேளுங்கள். கிட்டத்தட்ட பாதி விலைக்குள் அதே உலகத்தைப் பார்த்துவிடலாம்.

இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் இந்தப் பழமை, புதுமைச் சண்டை குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. அங்கே செய்யும் பரோலோ என்ற சிவப்பு ஒயின் விற்காமல் கிடந்த காலத்தில், 1983இல், எலியோ அல்தாரே என்ற இளைஞர் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி சின்னப் புதுப் பீப்பாய் வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பா அவரைச் சொத்திலிருந்தே விலக்கிவிட்டார். அல்தாரே தரப்பிலும் நியாயம் இருந்தது, பழைய பீப்பாய்கள் பலவும் அழுக்கேறிக் கிடந்தன. ஆனால் எதிர்முகாமில் இருந்த பார்த்தோலோ மஸ்கரெல்லோவின் பக்கம்தான் என் மனசு சாய்கிறது. நாலு தோட்டத்துத் திராட்சையைக் கலந்து ஒரே பரோலோ, பெரிய மரத்தொட்டியில் ஊறல், அவ்வளவுதான். சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையால் லேபிள் வரைந்து ஒட்டியவர். 2005இல் காலமானார். மகள் மரியா தெரேசா அதே முறையில் தொடர்கிறார்.

மஸ்கரெல்லோ பாட்டில் இன்று சாமானியர்கள் தொடும் விலையில் இல்லை. அதனால் நான் கைகாட்டுவது பக்கத்து ஊரான பார்பரெஸ்கோவின் கூட்டுறவுச் சங்கத்தை. புரொடுத்தோரி தெல் பார்பரெஸ்கோ என்று லேபிளில் இருக்கும். 1958இல் ஊர்ப் பாதிரியார் பத்தொன்பது சிறு விவசாயிகளைக் கூட்டி ஆரம்பித்தது. தனித்தனியாக விற்றால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான் என்பதுதான் காரணம், நம் ஊர்க் கரும்பு, பால் விவசாயிகளுக்கும் தெரிந்த கதை. முதல் மூன்று வருஷ ஒயினைத் தேவாலயத்தின் அடித்தளத்திலேயே செய்தார்கள். இன்று நெப்பியோலோ திராட்சையில் இந்தத் தரத்துக்கு இந்த விலை என்றால் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து. நிறம் வெளிறியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். துவர்ப்பு பிடித்து இழுக்கும். ஆட்டுக்கறியோடு வைத்துக்கொண்டால் அந்தத் துவர்ப்பு அடங்கி ரோஜாவும் புகையிலையும் கலந்த வாசம் மேலே வரும்.

"நம்ம சாப்பாட்டுக்கு எது சேரும்?" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இருக்கிறது. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் செய்யும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், அதிலும் லேபிளில் கபினெட் என்று எழுதியது. ஆல்கஹால் 8 சதவீதம் அளவில்தான் இருக்கும். கொஞ்சம் இனிப்பு, அதைத் தூக்கி நிறுத்துகிற அளவுக்குப் புளிப்பு. ஆல்கஹால் தூக்கலான சிவப்பு ஒயினை இறால் தொக்கோடு குடித்தால் காரம் இரண்டு மடங்காகி வாய் எரியும். கபினெட் அந்த எரிச்சலை அணைத்துவிடுகிறது.

அந்தத் தோட்டங்களின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஆற்றிலிருந்து செங்குத்தாக ஏறும் சரிவு, முழுக்க உடைந்த பலகைக்கல். பகல் வெயிலை அந்தக் கல் வாங்கிவைத்து ராத்திரி விடுகிறது, இல்லாவிட்டால் அவ்வளவு வடக்கே திராட்சை பழுக்காது. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பு, இரண்டு கிளைகளை வளைத்து அதில் இதய வடிவத்தில் கட்டுகிறார்கள். எந்திரம் ஏறாத இடங்களில் வேலையெல்லாம் கையால்தான். கிராஹ் கிராமத்தில் வில்லி ஷேஃபர் குடும்பத்துக்கு இருப்பது நாலு ஹெக்டேர் சொச்சம்தான். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பீப்பாய்களில், தோட்டத்திலிருந்து தானாக வரும் ஈஸ்டை வைத்தே செய்கிறார்கள். இவ்வளவு உழைப்புக்கு இந்த விலை மிகவும் குறைவு என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

போர்ச்சுகலில் லிஸ்பனுக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கடலோரம், கொலாரெஸ் என்று ஒரு இடம். முன்னே சொன்னேனே ஒரு பூச்சி, அதன் பெயர் ஃபிலோக்ஸெரா. அமெரிக்காவிலிருந்து செடிகளோடு வந்து 1860களில் பிரான்சில் வேரை உறிஞ்ச ஆரம்பித்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. கடைசியில் மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். இன்று ஐரோப்பாவின் திராட்சைக்கொடிகளில் ஆகப் பெரும்பாலானவை அமெரிக்க வேரில் நிற்பவை. கொலாரெஸ் விதிவிலக்கு. மணலில் அந்தப் பூச்சி பிழைக்காது. ஆழமான மணலைத் தோண்டி அடியில் இருக்கும் களிமண்ணில் கொடியை ஊன்றுவார்கள். தோண்டும்போது மணல் சரிந்து மூடினால் மூச்சுவிட இடம் வேண்டும் என்று தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்த ஊர் அது. கடல் காற்றுக்குப் பயந்து கொடிகள் தரையோடு தவழ்கின்றன. பூச்சியால் அழியாத தோட்டங்களை லிஸ்பன்காரர்களின் வீட்டுமனைகள் விழுங்கிவிட்டன. மிஞ்சியிருப்பது சில பத்து ஹெக்டேர்கள்தான். ரமிஷ்கு என்ற அந்த ஊர்ச் சிவப்பு இளசாக இருக்கும்போது வாயைக் கட்டும், பழையதாகப் பார்த்து வாங்க வேண்டும். 1931இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இன்னும் அதைச் செய்துகொண்டிருக்கிறது.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ஏது பாரம்பரியம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்வேன்.

கலிஃபோர்னியாவின் லோடாய் ஊரில் பெக்டோல்ட் என்று ஒரு தோட்டம். 1886இல் நட்ட சான்ஸோ திராட்சைக்கொடிகள், சொந்த வேரிலேயே, இன்னும் காய்க்கின்றன. இங்கேயும் மணல்தான் காப்பாற்றியது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோதும் வீட்டில் தங்கள் தேவைக்குச் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்ததால், கலிஃபோர்னியாவின் பழைய ஜின்ஃபண்டல் கொடிகள் பல வெட்டுப்படாமல் தப்பின. பெக்டோல்ட் திராட்சையைப் பல சிறு தயாரிப்பாளர்கள் வாங்கிச் செய்கிறார்கள், லேபிளில் தோட்டத்தின் பெயர் இருக்கும். கனமில்லாத, லேசாகக் குளிரவைத்துக் குடிக்கும் சிவப்பு. ரிட்ஜ் என்ற நிறுவனத்தின் ஜின்ஃபண்டலையும் சொல்ல வேண்டும். பெரிய இடம்தான், ஆனால் ஒயினில் என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்பதை லேபிளிலேயே அச்சடிக்கிறார்கள். அமெரிக்காவில் மற்றவர்கள் பலரும் அதை அவ்வளவு லேசில் செய்வதில்லை.

இரண்டாவது, ஓரிகன் மாநிலத்தின் ஐரி என்ற ஒயின் கூடம். டேவிட் லெட் என்ற இளைஞர் 1965இல் மூவாயிரம் திராட்சைக் குச்சிகளோடு அங்கே போனார். ஓரிகனில் மழையும் குளிரும் அதிகம், பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சை பழுக்காது என்று படித்த இடத்திலேயே எச்சரித்தார்கள். மறுவருஷம் டண்டீ குன்றுகளின் செம்மண்ணில் நட்டார். வான்கோழி உரித்துக்கொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்தில்தான் ஒயின் செய்தார். 1979இல் பாரிஸில் நடந்த பெரிய சுவைப் போட்டியில் அவருடைய 1975 பினோ நுவார் பர்கண்டி ஒயின்களோடு முன்வரிசையில் வந்தது. பர்கண்டியின் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ட்ருவானுக்கு நம்ப முடியவில்லை. அடுத்த வருஷம் தன் ஊரிலேயே மறுபோட்டி வைத்தார். ட்ருவானின் 1959 ஷம்போல் முசின்யி ஒயினுக்கு அடுத்து, மயிரிழையில் இரண்டாவதாக வந்தது ஐரி. 1987இல் ட்ருவான் அதே குன்றில் நிலம் வாங்கினார். லெட்டுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் யார் கொடுத்திருக்க முடியும்?

எனக்கு ஐரியைப் பிடிக்கக் காரணம் அந்தப் போட்டி இல்லை. பிறகு வந்த வருஷங்களில் அமெரிக்கப் பினோ நுவார் கறுத்து, கனத்து, ஆல்கஹால் ஏறிக்கொண்டே போனபோது லெட் அசையவில்லை. அவர் ஒயின் வெளிறிய சிவப்பாகவே இருந்தது. கிளாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரியும். 2008இல் அவர் இறந்த பிறகு மகன் ஜேசன் அதே வழியில் நடத்துகிறார். ஜூராவின் சிவப்புத் திராட்சையான த்ரூசோவையும் நட்டு ஒயின் செய்கிறார், கிடைத்தால் விடாதீர்கள்.

நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வரி. உக்ரைனிலிருந்து 1951இல் குடியேறிய கான்ஸ்டன்டின் ஃபிராங்க், அந்தக் குளிரிலும் ஐரோப்பியத் திராட்சை பிழைக்கும் என்று காட்டி 1962இல் கியூக்கா ஏரிக்கரையில் ஆரம்பித்த ஒயின் கூடத்தில் ரீஸ்லிங் அருமையாக இருக்கும்.

சரி, கடையில் இந்தப் பெயர்கள் எதுவுமே இல்லையென்றால்? பாட்டிலைத் திருப்புங்கள். அமெரிக்காவில் இறக்குமதி செய்தவர் பெயர் பின்பக்கம் இருக்கும். கெர்மிட் லிஞ்ச், ரோசென்தால், லூயி டிரெஸ்னர் என்று இருந்தால், பெயர் தெரியாத தயாரிப்பாளராக இருந்தாலும் தைரியமாக எடுக்கலாம். பிரெஞ்சு பாட்டிலின் மூடியில் ஒரு ஆள் பீப்பாயைத் தூக்கிச் செல்லும் சின்னப் படம் இருந்தால், அது சொந்தத் திராட்சையில் தானே ஒயின் செய்பவர்களின் சங்க முத்திரை. ஜெர்மன் பாட்டிலில் குட்ஸ்அப்ஃபூலுங் என்ற சொல்லைத் தேடுங்கள், தோட்டக்காரரே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். இயற்கை ஒயின் என்று இப்போது லேபிள் ஒட்டி வருவதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அருமையானவையும் உண்டு, கெட்டுப்போனதைக் கொள்கை என்று சொல்லி விற்பதும் உண்டு.

முதலில் எதை வாங்குவது என்று கேட்டால், மீன் குழம்பு வைக்கும் நாளில் மோசல் கபினெட், பிரியாணிக்குக் குபியோ. வான் ஜோன் வாங்கினால் ஃப்ரிட்ஜில் வைக்காமல் முந்தின நாளே திறந்துவையுங்கள், காற்றுப் பட்டால்தான் மலரும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. ஆறு வருஷம் காற்றோடு பழகிய ஒயின், கார்க்கை மூடி வைத்தால் சில வாரங்கள் அப்படியே இருக்கும்.